மலையைக் கரைத்தபின் மிஞ்சும் சேறு

குன்னத்திலிருந்து செந்துறைக்கோ அரியலூருக்கோ போகும் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிர்ப்படாத நாள் இராது. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் படிந்து இறுகியதே இன்று சிமெண்டு ஆலைகளுக்குப் போகும் கல். கல்லை வெட்டி எடுத்த இடத்தில் பெரும் பள்ளம் மிஞ்சுகிறது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் நிற்கிறது. வெட்டிய கல்லில் பெரும்பகுதி சூளைக்குள் போய்விடுவதால், பள்ளத்தைத் திரும்ப மூடலாம் என்றாலும் அதற்கு மண் போதுவதில்லை. நம் பக்கத்துச் சுரங்கங்களின் தொல்லை இதுதான்.

வீடு கட்ட சிமெண்டு மட்டும் போதுமா? கம்பியும் வேண்டும். கம்பிக்கு இரும்பு வேண்டும். இரும்பு, செம்பு, ஈயம், துத்தநாகம், தங்கம் ஆகியவற்றைத் தரும் சுரங்கங்களின் தொல்லை நம் ஊர்த் தொல்லைக்கு நேர் எதிரானது. அங்கே மண் போதாமல் போவதில்லை. வேண்டாத மண் மிஞ்சிவிடுகிறது. அதுவும் திடமான மண்ணாக மிஞ்சுவதில்லை. மாவுபோல அரைபட்டு, தண்ணீரோடு கலந்து, கூழாக மிஞ்சுகிறது. அந்தக் கூழை எங்கே வைப்பது, அதில் உள்ள தண்ணீரை என்ன செய்வது, சுரங்கம் மூடிய பிறகு அந்த இடத்தை எப்படித் திரும்ப நிலமாக்குவது என்பன இன்று உலகமெங்கும் சுரங்கப் பொறியாளர்களை வாட்டும் கேள்விகள். சுரங்கம் மலை உச்சியில் இருந்துவிட்டால் கேள்வி இன்னும் கடுமையாகிறது. அப்படிப்பட்ட ஒரு மலை நமக்கு அடுத்த மாநிலத்திலேயே இருக்கிறது.

குதிரைமுக மலை

கர்நாடகத்தின் சிக்கமகளூரு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது குதிரேமுக். தொலைவிலிருந்து பார்த்தால் குதிரையின் முகம்போலத் தெரிவதால் இந்தப் பெயர். சிகரத்தின் உயரம் 1,890 மீட்டருக்குச் சற்று மேல். துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆகிய மூன்று ஆறுகளும் இந்த மலைத்தொகுதியில்தான் பிறக்கின்றன. துங்காவும் பத்ராவும் கூடலி என்ற ஊரில் ஒன்றுசேர்ந்து துங்கபத்ராவாகிக் கிருஷ்ணாவில் கலக்கின்றன.

இங்குள்ள பாறை 250 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. அதில் மாக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாதுவும் குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லும் பட்டைபட்டையாகக் கலந்து கிடக்கின்றன. இரும்பின் அளவு நூற்றுக்குச் சுமார் 38 பங்கு. உருக்காலைக்கு நேராக அனுப்ப இது போதாது. ஆகவே பாறையை உடைத்து, அரைத்து, இரும்பை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

1975-இல் ஈரான் அரசு இந்தத் தாதுவை வாங்கிக்கொள்ள முன்வந்து, 63 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. 1976-இல் குதிரேமுக் இரும்புத்தாது நிறுவனம் என்ற பொதுத்துறை நிறுவனம் தோன்றியது. ஆண்டுக்கு 75 லட்சம் டன் அடர்தாது எடுப்பது திட்டம். 1979-இல் ஈரானில் புரட்சி வந்தது. பணமும் நின்றது, வாங்குவாரும் இல்லை. ஆனாலும் இந்தியா வேலையை நிறுத்தாமல் 1980-இல் ஆலையை முடித்தது. அடர்தாது தண்ணீரோடு கலந்து, 67 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாக மலையிறங்கி மங்களூர்த் துறைமுகத்திற்குப் போயிற்று. அந்நாளில் இது பெரிய பொறியியல் சாதனையாகப் பேசப்பட்டது. பேசப்பட வேண்டியதுதான். ஆனால் குழாயில் இறங்கியது மலையின் ஒரு பங்கு மட்டுமே. மற்றப் பங்குகள் மலையிலேயே தங்கிவிட்டன.

ஆற்று மணலில் காந்தத்தை உருட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஆலையில் நடப்பதும் இதுதான். பாறையை உடைத்து, பெரிய உருளைகளில் போட்டுத் தண்ணீருடன் அரைப்பார்கள். இரும்புத் துகளும் வெண்கல் துகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியும் அளவுக்கு நுணுக்கமாக அரைபட வேண்டும். பிறகு சுழலும் காந்த உருளைகளின் மேல் அந்தக் கூழை ஓட விட்டால், மாக்னடைட் ஒட்டிக்கொள்ளும், மற்றது வழிந்தோடும். ஒட்டிக்கொண்டது நூற்றுக்குச் சுமார் 67 பங்கு இரும்புள்ள அடர்தாது. வழிந்தோடியது கழிவுச் சேறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறக்குறைய மூன்று டன் தாதுவை அரைத்தால் ஒரு டன் அடர்தாது. மிச்சம் இரண்டு டன் சேறு. மூன்று டன் தாதுவில் இருந்த இரும்பு 1.14 டன், அடர்தாதுவில் போனது 0.67 டன். அப்படியானால் ஏறத்தாழ அரை டன் இரும்பு சேற்றோடு போய்விட்டது! காரணம், மலையின் மேற்பகுதியில் காற்றும் மழையும் பட்டு மாக்னடைட் பெருமளவு ஹெமடைட்டாக மாறிவிட்டிருந்தது. ஹெமடைட்டைச் சாதாரணக் காந்தம் பிடிப்பதில்லை. சேற்றைத் திரும்ப அரித்து இரும்பு எடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் படிந்து அடங்கிய சேற்றைக் கலக்குவது எத்தகைய காரியம் என்பதைக் கட்டுரையை முடித்தபின் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இரும்பாவது பரவாயில்லை. நூற்றுக்கு ஒரு பங்கே செம்பு உள்ள தாதுவை அரைத்தால், நூறு டன்னில் தொண்ணூற்றைந்து டன்னுக்கு மேல் கழிவு. தங்கத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம். அநேகமாக அரைத்த பாறை முழுவதுமே கழிவுதான். பாறை அரைபடும் இடத்தில்தான் கழிவு பிறக்கும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை லாரியில் ஏற்றி மேட்டூருக்குக் கொண்டு போனார்கள். அலுமினியத்தைப் பிரித்தபின் வரும் செஞ்சேறு மேட்டூரில்தான் தேங்கியது. மலையில் வெட்டுப்பட்ட உச்சிதான் மிஞ்சியது. குதிரேமுக்கில் வெட்டியதும் அரைத்ததும் மலை மேலேயே. எனவே இரண்டு சுமையும் ஒரே மலைக்கு.

தெளியாத தண்ணீர்

சேற்றைத் தேக்கி வைத்தால் தெளிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெளியும். ஆனால் எவ்வளவு நேரத்தில் என்பதே கேள்வி.

ஒரு கண்ணாடிச் சீசாவில் வண்டல் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். சற்று நேரத்தில் அதன்மேல் மெல்லிய வண்டல் படியும். ஆனால் மேலேயுள்ள தண்ணீர் மறுநாளும் கலங்கலாகவே இருக்கும். துகள் சிறுத்தால் அது இறங்கும் வேகமும் குறையும். அதுவும் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூற்றில் ஒன்று. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள வெண்கல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு நிமிடம் போதும். நூறில் ஒரு பங்கானால் மூன்று மணி நேரம். ஆயிரத்தில் ஒரு பங்கானால் பதின்மூன்று நாள்! அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால்தான். மலைக்காற்று அலை எழுப்பினால், மழை கொட்டினால், அந்தக் கணக்கும் பொய்த்துப் போகும்.

நம் பாட்டிமார் இதற்கு வழி கண்டிருந்தார்கள். குளத்து நீர் கலங்கலாக இருந்தால், தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், காலையில் தெளிந்திருக்கும். நுண்துகள்கள் ஒரே வகை மின்னூட்டம் பெற்றிருப்பதால் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. தேற்றான்கொட்டையிலிருந்து கரையும் பொருள் அவற்றைக் கொத்தாகப் பிணைக்கிறது. கொத்து பெரிதாகும், பெரிதானது விரைவாக இறங்கும். படிகாரம் செய்வதும் இதே வேலை. சுரங்க ஆலைகளில் சுண்ணாம்பையும், நீண்ட மூலக்கூறுகளாலான செயற்கைப் பொருள்களையும் இதற்குச் சேர்க்கிறார்கள். தெளிந்த நீரை மீண்டும் ஆலைக்கே இறைத்து, அடுத்த பாறையை அரைக்கப் பயன்படுத்துவார்கள். ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தால் ஆற்றிலிருந்து எடுப்பதும் குறையும். ஆற்றில் விடுவதும் குறையும். சேற்று நீரை ஆளும் கலையில் பாதி இந்தச் சுழற்சிதான்.

மற்றப் பாதி மழையை ஆள்வது.

ஏரிக்கரையும் சேற்றுக்கரையும்

குதிரேமுக்கில் லக்யா என்ற சிற்றாறு ஓடுகிறது, பத்ராவின் துணையாறு. கன்னடத்தில் ஹொளெ என்றால் ஆறு. லக்யா ஹொளெ என்பார்கள். அதன் குறுக்கே சுமார் 100 மீட்டர் உயரத்திற்கு அணை எழுப்பி, பள்ளத்தாக்கையே சேறு தேக்கும் தொட்டியாக்கினார்கள். நூறு மீட்டர் என்றால் முப்பது மாடிக் கட்டிடத்தின் உயரம்.

அந்த மலையில் ஆண்டுக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் நமக்குக் கிடைப்பது ஆயிரத்தை எட்டுவதே அரிது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள குட்டையின்மேல் ஆறு மீட்டர் மழை பெய்தால், நேராக விழும் தண்ணீர் மட்டும் 60 லட்சம் கன மீட்டர். சுற்றியுள்ள சரிவுகளிலிருந்து வழிந்து வருவது தனி. நம் ஊரில் இந்தச் சிக்கல் எழாது. இங்கே வெயில், வானம் தரும் மழையைவிட அதிகமான தண்ணீரைத் திறந்த குளத்திலிருந்து ஓராண்டில் குடித்துவிடும். வறண்ட நாட்டுச் சுரங்கங்களில் சேற்று நீர் தானாகவே குறைந்துகொண்டு வரும். மழைமலையில் அது ஏறிக்கொண்டே போகும்.

எனவே மழைமலைச் சுரங்கத்தில் முதல் விதி, நல்ல தண்ணீரைக் கெட்ட தண்ணீரோடு சேரவிடக் கூடாது என்பது. குட்டையைச் சுற்றிச் சரிவின் மேல் வாய்க்கால் வெட்டி, வானத்திலிருந்து வந்த நீரைச் சேறு தொடாமலே கீழே ஆற்றுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அதையும் மீறிக் குட்டையில் சேரும் நீருக்குப் போதிய அகலமுள்ள போக்கி வேண்டும். ஏரியில் கலிங்கு இருப்பது எதற்காக என்று உங்கள் ஊர் விவசாயியைக் கேட்டுப் பாருங்கள். கலிங்கு அடைபட்ட ஏரி கரையை உடைக்கும் என்பார். சேற்றுக் குட்டைக்கும் அதே நியாயம்தான். உடைந்தால் வருவது தண்ணீராக இராது என்பது மட்டும் வேறுபாடு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஏரிக்கரையை ஒரே தடவையில் கட்டி முடிக்கிறோம். சேற்றுக்கரையோ சுரங்கம் நடக்க நடக்க உயர்ந்துகொண்டு போகும். உயர்த்துவதற்குப் பல முறைகள் உண்டு. முந்தைய கரையின் வெளிப்புறத்தில், கெட்டியான தரையின்மேல் மண் சேர்த்து உயர்த்துவது ஒன்று. இதற்கு மண்ணும் பணமும் ஏராளம் வேண்டும். உட்புறத்தில், ஏற்கெனவே படிந்த சேற்றின் மேலேயே அடுத்த கரையைப் போடுவது இன்னொன்று. இது மலிவு. மலிவாக இருப்பதனாலேயே பல நாடுகளில் இதைக் கையாண்டார்கள்.

சேற்றின்மேல் கரை கட்டுவது ஏன் ஆபத்து? கடற்கரையில் ஈர மணலின்மேல் நின்று ஒரே இடத்தில் காலால் மிதித்துக்கொண்டே இருங்கள். கெட்டியாக இருந்த மணல் திடீரென்று குழையும், கால் புதையும். துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று தாங்கி நிற்கும்வரை அது மண். இடையிலுள்ள நீர் அழுத்தம் பெற்று அந்தத் தாங்கலைக் கெடுத்துவிட்டால் அது குழம்பு. சேற்றுக் குட்டையில் இது நேர்ந்தால் சில நொடிகளில் மலை உருகி ஓடுவது போலிருக்கும்.

1985 ஜூலை 19 அன்று இத்தாலியின் ஸ்டாவா பள்ளத்தாக்கில் இரண்டு சேற்றுக் குட்டைகள் அடுத்தடுத்து உடைந்து 268 பேர் இறந்தனர். 2015 நவம்பர் 5 அன்று பிரேசிலில் மரியானா நகருக்கு அருகே இரும்புச் சுரங்கச் சேற்றணை உடைந்தது. 19 பேர் மாண்டனர். சேறு டோசே ஆற்றின் வழியாக அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக் கடலைச் சிவப்பாக்கியது. அதே மாநிலத்தில், 2019 ஜனவரி 25 அன்று புருமாடின்யோ என்ற ஊரில் இன்னொரு இரும்புச் சுரங்கச் சேற்றணை சரிந்தது. நண்பகல் உணவு வேளை. அணைக்குக் கீழேயே தொழிலாளர் உணவுக்கூடம் இருந்தது. 270 பேர் உயிரிழந்தனர். அந்த அணையில் சேறு கொட்டுவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன! பயன்பாட்டில் இல்லாத குட்டை பாதுகாப்பானது என்ற எண்ணத்தை அது உடைத்தது. பிரேசிலின் இரண்டு அணைகளும் உட்புறமாக உயர்த்தப்பட்டவை. பிரேசில் அதன் பிறகு இம்முறையைத் தடை செய்தது. 2020-இல் சேற்றுக் குட்டைகளுக்கென உலகளாவிய பொது நெறிமுறை ஒன்றும் வகுக்கப்பட்டது.

இப்போது லக்யாவுக்குத் திரும்புவோம். குதிரேமுக் காடுகள் 1987-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுரங்கமோ அதன் நடுவே இயங்கிக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்ட சரிவுகளிலிருந்து பருவமழையில் வண்டல் இறங்கிப் பத்ராவைக் கலக்கியது. சுரங்கப் பகுதி நீர்ப்பிடிப்பில் சிறிய பங்கே ஆனாலும், ஆற்றில் வரும் வண்டலில் பெரிய பங்கு அங்கிருந்தே வருகிறது என்பதை ஆற்றுநீரை மழை தோறும் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2002 அக்டோபர் 30 அன்று வந்த தீர்ப்பின்படி, 2005 டிசம்பர் 31-உடன் சுரங்க வேலை நின்றது.

வேலைதான் நின்றது. மழை நிற்கவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையில் மோதுகிறது. லக்யா அணைக்குப் பின்னால் கோடிக்கணக்கான டன் சேறு இருக்கிறது. அணைக்கு முன்னால் பத்ரா ஓடுகிறது. கீழே லக்கவள்ளியில் உள்ள பத்ரா நீர்த்தேக்கத்தை நம்பி சிவமொக்கா, தாவணகெரே பக்கத்து வயல்கள் இருக்கின்றன. அணையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது சுரங்கம் மூடியதால் மாறிவிடவில்லை. வருமானம் தந்த சுரங்கம் போய்விட்டது. செலவு வைக்கும் அணை நிற்கிறது.

அணையின் உடல்நிலையை அறிய ஓர் எளிய கருவி இருக்கிறது. கரைக்குள் ஆங்காங்கே துளைகளுள்ள குழாய்களை இறக்கி வைப்பார்கள். கரைக்குள் ஊறும் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அந்த மட்டத்திற்குக் குழாயில் நீர் ஏறும். கரையின் அடியில் கசிவை வெளியேற்ற மணலும் சரளையும் கொண்டு வடிகால் அமைத்திருப்பார்கள். அது அடைபட்டால் குழாயில் நீர் உயரும். வெளியே கரை பச்சைப் புல்லோடு அழகாகவே தெரியும். உள்ளே நீர் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே குழாயைப் பார்க்க வேண்டும். பார்த்ததைக் குறித்து வைக்க வேண்டும். போன மாதக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். கசிவு நீர் தெளிவாக வந்தால் கவலை குறைவு. கலங்கி வந்தால் கரை உள்ளிருந்து அரிக்கப்படுகிறது என்று பொருள். ஏரி காத்த நம் முன்னோருக்கும் இந்த அடையாளம் தெரிந்தே இருந்திருக்கும்.

புளிக்கும் தண்ணீர்

குதிரேமுக் தாது பெரும்பாலும் ஆக்சைடு. எனவே அங்கே தொல்லை கொடுத்தது வண்டல். செம்பு, ஈயம், துத்தநாகச் சுரங்கங்களில் வேறொரு தொல்லை சேர்கிறது. அத்தாதுக்களில் கந்தகம் உண்டு. பொன்போல மின்னும் பைரைட் என்ற கனிமத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்திருக்கின்றன. பாறைக்குள் புதைந்து கிடக்கும்வரை அது சாது. அரைத்துக் காற்றும் நீரும் படும்படி வைத்தால், கந்தகம் கந்தக அமிலமாக மாறுகிறது. சில வகை நுண்ணுயிரிகள் இந்த மாற்றத்தைப் பல மடங்கு விரைவுபடுத்துகின்றன. அந்த அமிலம் பக்கத்திலுள்ள செம்பு, துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றையும் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. ஓடை காவி நிறமாகும். மீன் செத்து மிதக்கும். ஸ்பெயினில் ரியோ டின்டோ என்ற ஆறு உண்டு. அதன் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். ஆற்று நீர் இன்றும் சிவப்பு, இன்றும் அமிலம்.

இதற்கு மருந்து எது தெரியுமா? சுண்ணாம்புக்கல்! குன்னத்து லாரியில் போகும் அதே கல். வயிற்றில் புளிப்பு மிகுந்தால் சாப்பிடும் மாத்திரைகள் சிலவற்றில் இருப்பதும் இதே கால்சியம் கார்பனேட்தான். ஆனால் அமில ஓடையில் கல்லைக் கொட்டினால் மட்டும் போதாது. கொஞ்ச நாளில் கல்லின்மேல் இரும்புத் துரு பூச்சாகப் படிந்து, உள்ளே உள்ள கல்லை அமிலம் தொடாதபடி மறைத்துவிடும். ஆகவே சுண்ணாம்புக்கல் நிரப்பிய வாய்க்காலைக் களிமண்ணால் மூடி, காற்றுப் புகாமல் புதைத்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாததால் துரு படியாது. கல் கரைந்து அமிலம் முறியும். பிறகு நீர் திறந்த குட்டைக்கு வந்து காற்றுப் பட்டதும், அங்கே இரும்பு காவியாகப் படிகிறது. படிந்ததை அள்ளிவிடலாம். கல் கரையக் கரையப் புதுக்கல் போட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

இதைவிட நல்ல வழி, அமிலம் பிறக்காமலே தடுப்பது. காற்றுப் படாவிட்டால் அமிலம் இல்லை. எனவே கந்தகச் சேற்றை நீருக்கடியில் வைத்திருப்பார்கள். அல்லது களிமண் போர்வை போட்டு மூடுவார்கள். நீருக்கடியில் வைத்தால் அணைக்குச் சுமை. போர்வை போட்டால் போர்வை விரிசல் விடாமல் காக்க வேண்டும். தொல்லையில்லாத வழி என்று ஒன்று இதில் கிடையாது.

மலைக்குப் பச்சை போர்த்துவது

தண்ணீர் குறைவான இடத்தில் என்ன ஆகும் என்பதைக் காணக் கோலார் போதும். தமிழகத்தின் வடமாவட்டங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் போய் உழைத்த தங்கவயல் அது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கத்தைச் சயனைடால் கரைத்தெடுத்த பிறகு கொட்டிய தூள், ஊர் நடுவே மூன்று கோடி டன்னுக்கு மேல் குன்றுகளாக நிற்கிறது. சயனைடு வெயிலில் பெருமளவு சிதைந்துவிடும். நுண்ணிய வெண்கல் தூள் சிதையாது. காற்றடிக்கும் மாதங்களில் அது பறந்து வீட்டிலும் சோற்றிலும் மூச்சிலும் கலக்கிறது. மழைமலையில் சேறாக ஓடுவது, வறண்ட நிலத்தில் புழுதியாகப் பறக்கிறது. கழிவு எந்த வழியில் வெளியேறும் என்பதை அந்த இடத்தின் மழையே தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் இறுதியில் ஒரே மருந்து: மேலே உயிருள்ள செடி வளர வேண்டும்.

அரைத்த பாறைத்தூள் மண் ஆகாது. அதில் மக்கு இல்லை, நைட்ரஜன் இல்லை, மண்புழு இல்லை, வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சைகளும் இல்லை. விதை போட்டால் முளைத்து வாடும். இதற்காகத்தான் சுரங்கம் தொடங்கும் முதல் நாளிலேயே மேல்மண்ணைத் தனியே சுரண்டி எடுத்து வைக்க வேண்டும். மலைபோல் குவித்தால் அடியிலுள்ள மண் காற்றின்றிச் செத்துவிடும். ஆளுயரத்திற்கு மேல் போகாமல் குவித்து, மேலே புல் வளர்த்து வைக்க வேண்டும். பல ஆண்டுகள் கிடந்தாலும் அதன் உயிர் குறையும். எனவே ஒரு பக்கம் வெட்டும்போதே, வெட்டி முடித்த மறுபக்கத்தில் அந்த மண்ணைப் பரப்பிக்கொண்டே வருவது நல்லது. அடுப்பில் சமைத்துக்கொண்டே பாத்திரம் கழுவும் இல்லத்தரசிக்கு இது புதிய செய்தி அன்று.

மண்ணைப் பரப்பியதும் என்ன நடுவது? நம் உழவர்கள் கொழிஞ்சியையும் சணப்பையும் விதைத்து மடக்கி உழுவதை அறிவீர்கள். அவற்றின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது. பாறைத்தூளுக்கும் முதலில் இதே வகைச் செடிகள்தான் உதவும். சரிவுகளைப் பிடித்து நிறுத்த வெட்டிவேர் சிறந்தது. அதன் வேர் நேர் கீழாக இரண்டு மூன்று மீட்டர் இறங்கும். அமிலத்தையும் உலோகத்தையும் பெரிதும் பொறுத்துக்கொள்ளும். உலோகத்தைத் தண்டுக்கும் இலைக்கும் அதிகம் ஏற்றாமல் வேரிலேயே நிறுத்திவைக்கும் செடிகளைத் தேடி நடுவது மிக முக்கியம். இலைக்கு ஏறினால் மாடு மேயும்; மாட்டிலிருந்து பால் வழியாக நமக்கு வரும். ஆகவே ஈயமும் காட்மியமும் உள்ள குட்டையின்மேல் எவ்வளவு பசுமை வந்தாலும் கீரையோ தீவனமோ பயிரிடலாகாது.

மரம் நட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர் பலர். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் இயற்கை மரங்களை மடிப்புகளில் மட்டுமே வைத்திருக்கிறது. அவை சோலைகள். மற்ற இடமெல்லாம் புல்வெளி. புல்லும் அதன் அடியிலுள்ள கரிய மண்ணும் மழையைக் குடித்து, கோடையில் ஓடைக்குச் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. நீலகிரியில் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி வாட்டில் மரங்களை நட்டார்கள். இன்று அவற்றை அகற்றிப் புல்லைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். குதிரேமுக் போன்ற மலையில் புல் இருந்த இடத்திற்குப் புல்லும், சோலை இருந்த இடத்திற்குச் சோலையும் வர வேண்டும். பச்சையாகத் தெரிகிறதே என்று வெளிநாட்டு மரம் நட்டால், புகைப்படத்திற்கு நன்றாக இருக்கும், பத்ராவுக்கு உதவாது.

இந்தியாவில் 2003-இல் விதி திருத்தப்பட்டு, சுரங்கம் நடத்துவோர் சுரங்க மூடல் திட்டம் ஒன்றைக் கொடுத்து ஒப்புதல் பெறுவது கட்டாயமாயிற்று; அதற்குப் பிணைத்தொகையும் உண்டு. குதிரேமுக்கும் கோலாரும் தொடங்கியபோது அப்படி ஒன்று இல்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கு இன்று அது உண்டு. நம் பள்ளங்களில் சேற்றணை இல்லை, அமிலமும் இல்லை. சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் நீர் புளிக்காது. ஆனால் மேல்மண், கரைச்சரிவு, தண்ணீர் ஆகிய மூன்றும் இங்கேயும் உண்டு. எடுத்த கரிசல் மண் எங்கே குவிக்கப்பட்டிருக்கிறது? பள்ளத்தின் ஓரம் செங்குத்தாக நிற்கிறதா, படிப்படியாகச் சரிக்கப்பட்டிருக்கிறதா? சுற்றிலும் வேலி உண்டா? தேங்கும் நீர் சுற்றுக் கிணறுகளுக்கு ஊறுகிறதா, அல்லது சுரங்கம் உலர வேண்டும் என்று இறைத்துக் கொட்டுவதால் கிணறுகள் வற்றுகின்றனவா? அந்த நீர் குடிக்கத் தக்கதா, பாசனத்திற்குத் தக்கதா, மீன் வளர்க்கத் தக்கதா என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சொல்ல முடியும். உங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியருடன் பேசி, பள்ளத்தை ஒட்டிய இரண்டு மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் கயிறு விட்டு அளந்து ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பள்ளத்தின் ஓரத்திற்குப் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. மழைக்கு முன்னும் பின்னுமாக மூன்று ஆண்டுக் கணக்கு சேர்ந்துவிட்டால், அந்தப் பள்ளம் ஊருக்கு நீர் கொடுக்கிறதா, ஊரிலிருந்து எடுக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.